வீடு என்றால் எந்த வீடு?

தூத்துக்குடியில் இறங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் மூன்று பேரிடம் சண்டை போட்டேன். ஆட்டோக்காரர் நான் சொன்ன விடுதியை விட்டுவிட்டுத் துறைமுக வாசலில் கொண்டுபோய் இறக்கி, “வெளிநாட்டுக்காரவுக எல்லாரும் இங்கனதான வருவாவ?” என்று என்னையே கேட்டார். விடுதி வரவேற்பில் இருந்தவர் என் பைக்குள் கிடந்த தீப்பெட்டி அளவு சர்க்யூட் பலகையைப் பார்த்துவிட்டு மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூவரும் அதைச் சுற்றி நின்று, தொடாமல் பார்த்தார்கள். மூன்றாவது சண்டை டீக்கடையில். சீனி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியும் டீ இனித்தது. “கம்மியாத்தான் போட்டிருக்கேன், குடிங்க அண்ணாச்சி” என்றார் கடைக்காரர்.

நான் பினாங்குக்காரன். எங்கள் ஊரில் ‘கோப்பி ஓ கோசோங்’ என்று சொன்னால் பாலும் சீனியும் இல்லாத கறுப்புக் கோப்பி வரும். கேட்டது வராத இடத்தில் எனக்குச் சீக்கிரம் கோபம் வந்துவிடும். போகிற ஊரில் வாயைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

ஆனால் நான் கிளம்பி வந்ததே ஒரு கோபத்தில்தான். பினாங்கில் ஒரு தொழிற்கல்லூரியில் மின்னணுவியல் சொல்லித் தருகிறேன். மிச்ச நேரத்தில் ட்ரோன்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ட்ரோனுக்குள் ஒரு சின்னக் கணினி இருக்கும். அதைக் காற்றில் நிறுத்துவதும் திருப்புவதும் இறக்குவதும் அந்த மென்பொருள்தான். எங்களுடையது திறமூலம். யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றலாம். ‘செட்டிங்ஸ்’ என்கிற அமைப்புகள் ஆயிரத்துக்கு மேல் உண்டு. வயலுக்கு மருந்து தெளிக்கவும் ஓடும், மலையை அளக்கவும் ஓடும், ஆடுகிற படகிலிருந்தும் ஏறும். பல நாடுகளில் இருந்துகொண்டு கூலியில்லாமல் எழுதுகிறோம். திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கியது நான் ஒருவனே. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியிருக்க, மணப்பாட்டு மீனவர் சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். ‘உங்கள் மென்பொருள் எங்கள் ட்ரோனைக் கடலில் இறக்கிவிட்டது. அது தேடிப் போன இரண்டு பேர் சாகக் கிடந்தார்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டம். அதற்குள் யார் மேல் தப்பு என்று தெரிய வேண்டும்.’ இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கையேட்டைப் படிக்காமல் பறக்கவிட்டுவிட்டு மென்பொருள் மேல் பழி போடுவது உலகம் முழுக்க நடக்கிற அநியாயம். இந்த ஒரு தடவையாவது நேரில் போய் நிரூபித்துவிட்டு வருவது என்று, கல்லூரி விடுமுறையில் கிளம்பிவிட்டேன்.

வியாழக்கிழமை பிற்பகல் ஊரைச் சுற்றினேன். முத்து என்ற சொல் எந்தக் கடைப் பலகையைப் பார்த்தாலும் இருக்கிறது. முத்து மொபைல்ஸ், முத்து சலூன், முத்து டயர். முத்து எங்கே கிடைக்கும் என்று ஒரு கடையில் கேட்டேன். “இங்கன எங்க இருக்கு? அதெல்லாம் முத்துக் குளிக்கத நிப்பாட்டி எம்புட்டுக் காலமாச்சு. ஐதராபாத்துல கெடைக்கும்” என்றார். இல்லாத பொருளின் பெயரில் ஒரு ஊரே வியாபாரம் நடத்துவதைப் பார்த்து எனக்கு ஏன் எரிச்சல் வந்தது என்று தெரியவில்லை.

பேக்கரியில் மக்ரூன் வாங்க நின்றேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் அடித்துச் செய்த வெள்ளை வெள்ளைக் கூம்புகள். பக்கத்தில் இரண்டு கப்பல்காரர்கள், இந்தோனேசியர்கள். அவர்கள் பேச்சு எங்கள் மலாய்க்குப் பக்கம் என்பதால் புரிந்தது. “இது தின்பதா, துணி துவைப்பதா?” என்று ஒருவர் கேட்டார். “நீ முதலில் கடி. நுரை வந்தால் சொல்” என்றார் மற்றவர். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மக்ரூன் மட்டும் வாயில் வைத்ததும் கரைந்துபோனது. பினாங்கில் அப்படி ஒன்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பேருந்து. எங்கள் ஊர்ப் பேருந்தில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு பெண் குரல் சொல்லும். இங்கே நடத்துநரின் விசில்தான். ஏறும்போதே மணப்பாடு போகுமா என்று கேட்டேன். “மணப்பாடு விலக்குதான், ஏறுங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. விலக்கு என்றால் விதிவிலக்கு, வரிவிலக்கு. மணப்பாட்டை விலக்கிவிட்டு வேறு எங்கே ஏறச் சொல்கிறார்? சரி, மணப்பாட்டுக்கு முன்னோ பின்னோ எங்கோ இறக்கிவிட்டு வழி சொல்வார் என்று நினைத்து உட்கார்ந்தேன். உப்பளங்கள் போயின, திருச்செந்தூர் போனது, பனங்காடு வந்தது. “விலக்கு, விலக்கு, மணப்பாடு விலக்கு!” என்று அவர் கத்தினார். விலக்கியாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நகரவேயில்லை.

மணப்பாட்டைத் தாண்டிப் பெரியதாழையில் இறக்கிவிட்டார்கள். “விலக்குன்னு தொண்ட கிழியக் கத்துனேன்லா? பெரிய ரோட்டுலருந்து ஊருக்குப் பிரியுத எடத்துக்குப் பேருதான் விலக்கு. தமிழ்தான பேசுதீய?” என்றார் நடத்துநர். தமிழ்தான் பேசுகிறேன். அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. மீன் கூடைகளோடு வந்த ஒரு ஷேர் ஆட்டோவில், ஊளி மீன் வாலுக்கும் ஓட்டுநர் முதுகுக்கும் நடுவில் ஒடுங்கித் திரும்பி வந்தேன். தெரியாத சொல் என்றால் நானே கேட்டிருப்பேன். தெரிந்த சொல்லாக இருந்து தொலைத்ததால் கேட்கவில்லை.

மணப்பாட்டில் மணல் மேட்டின் மேல் கோயில் நிற்கிறது. கத்தோலிக்கர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். மேட்டுக்குக் கீழே சங்க அலுவலகம். அங்கே பிரின்சி என்ற பெண் காத்திருந்தார். இருபத்தேழு வயது இருக்கும், கணினியில் டிப்ளமோ. தினமும் விடிந்ததும் ஒலிபெருக்கியில் காற்று, அலை நிலவரம் சொல்வது அவர் வேலை. கடலில் யாராவது காணாமல் போனால் ட்ரோனை எடுத்துக்கொண்டு தேடுகிற வள்ளத்தில் போவதும் அவர்தான். அரசாங்க அனுமதிக் காகிதங்கள் மட்டும் ஒரு கோப்பு நிறைய வைத்திருந்தார். இழுவலையில் சிக்கி வந்த ட்ரோனை, உப்புத்தண்ணீர் காயட்டும் என்று ஒரு மூட்டை இட்லி அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தார்.

“கையேட்டைப் படித்தீர்களா?” என்பதுதான் நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம்.

“படிச்சேன் சார். ரெண்டு மட்டம் படிச்சேன்” என்றார் பிரின்சி.

சங்கத் தலைவர் மிக்கேல் அண்ணாச்சி வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு போன். எனக்குச் சீலா மீன் குழம்பும் சோறும் வரவழைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். பிந்தி வந்ததற்குக் காரணமாக விலக்குக் கதையை அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குழம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் அண்ணாச்சி சாப்பிடவிடவில்லை. “யாரு மேல தப்புன்னு ஒரே வார்த்தையில சொல்லிருங்க. இவ மைக்குல காத்து நெலவரம் சொன்னாக்கூட இப்ப ஊருல யாரும் காது குடுக்கதில்ல. அதனால ரெண்டு வாரமா அவளே மைக்கத் தொடுததில்ல. ஞாயித்துக்கிழம முடிவு பண்ணணும். பெங்களூர்ல இருந்து ட்ரோன் விக்க ஒருத்தர் வாரார், ஒரே பட்டன்தானாம். அத வாங்கிட்டு வேற ஆளப் போட்டுருவோம்.”

நடந்ததைப் பிரின்சி சொன்னார். சிலுவை என்ற மீனவரும் அவர் மச்சானும் போன வள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போனது. போனில் அவர்கள் கடைசியாகச் சொன்ன திசையை வைத்துத் தேடுகிற வள்ளம் கிளம்பியது. நடுக்கடலில் வள்ளத்திலிருந்தே ட்ரோனை ஏற்றினார் பிரின்சி. ட்ரோன் தேடிக்கொண்டிருக்க, நேரம் வீணாகக் கூடாது என்று வள்ளமும் மேலே மேலே போனது. கொஞ்ச நேரத்தில் திரையில் ‘மின்கலம் குறைவு. வீடு திரும்புகிறது’ என்று வந்தது. ட்ரோன் கரைப் பக்கம் திரும்பிற்று. கரைக்குத்தான் போகிறது என்று நினைத்து, பிரின்சி ஊருக்குப் போன் போட்டார்: “வருது, புடிங்க, புது பேட்டரியப் போட்டு அடுத்த வள்ளத்துல குடுத்து விடுங்க.” ஊரே கோயில் மேட்டில் ஏறி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ட்ரோன் வரவில்லை.

அரிசியிலிருந்து எடுத்த ட்ரோனின் நினைவு அட்டையை என் மடிக்கணினியில் போட்டேன். பதிவு முழுசாக இருந்தது. ட்ரோன் எந்தப் புள்ளியில் வள்ளத்திலிருந்து ஏறியதோ, அதே புள்ளிக்குத் துல்லியமாகத் திரும்பி, மெதுவாக, அழகாக, தண்ணீரில் இறங்கியிருக்கிறது. எங்கள் மென்பொருளில் வீடு என்றால் ட்ரோன் கிளம்பிய இடம். வள்ளம் அங்கிருந்து ஒரு மைல் தள்ளிப் போய்விட்டது. கூப்பிடு தூரமாக இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்தில் போய்க் கையில் பிடித்திருக்கலாம்.

எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. “மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. படகில் வைத்துப் பறக்கவிட்டால் வீட்டையும் கூடவே நகர்த்துகிற அமைப்பு இருக்கிறது. நானே எழுதியது. கிளம்பும் முன் கேட்கும்: ‘வீட்டை நகர்த்தவா?’ நீங்கள் ‘இல்லை’ என்று அழுத்தியிருக்கிறீர்கள்.”

“ஆமா சார், இல்லன்னுதான் அழுத்துனேன்” என்றார் பிரின்சி.

“அப்ப தப்பு இவ மேலதான்” என்றார் மிக்கேல் அண்ணாச்சி. “ஆம்பளப் பயலுவ கையில குடுத்திருந்தா இப்பிடி ஆயிருக்குமா?”

அதைக் கேட்டு முகம் சுளித்தேன். ஆனால், நான் நிரூபிக்க வந்தது நிரூபணமாகிவிட்டது. மிச்சமிருந்த குழம்பைச் சாப்பிட்டு முடித்தேன்.

சனிக்கிழமை காலை பெங்களூர்க்காரர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, சக்கரம் வைத்த பெட்டி. பெட்டிக்குள் மின்னுகிற ட்ரோன், ஒரே ஒரு பச்சைப் பொத்தான். “எதையும் செட் பண்ண வேண்டாம். குழந்தைகூடப் பறக்கவிடும்” என்றார். கரையில் வைத்து அழுத்தினார். ஏறியது, சுற்றியது, இறங்கியது. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் மென்பொருளில் எல்லாவற்றையும் அமைத்துப் பறக்கவிடுவதற்குள் நாற்பது நிமிடம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு எல்லோரும் வள்ளத்தில் ஏறினோம். பிழைத்து வந்த சிலுவைதான் வள்ளத்தை ஓட்டினார். வயது நாற்பதுக்குள், வெயிலில் உரிந்த மூக்கு. அன்றைக்கும் கச்சான் அடித்தது. நடுவில் நிறுத்தி, பெங்களூர்க்காரர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். ட்ரோன் சிவப்பாகக் கண் சிமிட்டியது. உள்ளிருந்து ஒரு பெண் குரல், தெளிவான தமிழில் சொன்னது: “தயவுசெய்து சமதளத்தில் வைக்கவும்.”

இன்னொரு தடவை அழுத்தினார். “தயவுசெய்து சமதளத்தில் வைக்கவும்.”

“கடல்ல சமதளத்துக்கு எங்கன போக?” என்று சிலுவை கேட்டார். வள்ளத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வழி உண்டா என்று பெங்களூர்க்காரரிடம் கேட்டேன். “இல்ல சார், கம்பெனி லாக் பண்ணியிருக்கு. கஸ்டமர் சேஃப்டிக்குத்தான்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு கொடுத்து வாங்குகிறவன் தன் பொருளைத் தொடக்கூடாதாம்! கடலைப் பார்த்தேயிராத எவனோ ஒருவன் ஏதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்த வள்ளம் ஆடக்கூடாது என்று முடிவுசெய்திருக்கிறான். அதை மாற்ற இங்கே இருக்கிற யாருக்கும் உரிமையில்லை. வள்ளம் திரும்பும்வரை அவரிடம் கத்தினேன். பாவம், அவர் விற்க வந்தவர்தான். எழுதியவர் இல்லை.

கரையில் இறங்கியதும் பிரின்சியிடம், “பார்த்தீர்களா? எங்களுடையதில் எல்லாவற்றையும் மாற்றலாம்” என்றேன்.

சிலுவைதான் பதில் சொன்னார். “சார், அந்தப் பொட்டி என்ன கேட்டுச்சுன்னு எங்க எல்லாத்துக்கும் வெளங்கிட்டு. குடுக்க முடியல, அது வேற. ஒங்களது என்ன கேக்குன்னே வெளங்கலையே?” பிறகு என்னைப் பார்க்காமல் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். “அன்னைக்குத் தூரத்துல ட்ரோன் வாரத நாங்க பாத்தோம். நானும் மச்சானும் சட்டையக் கழத்தி வீசுனோம். எங்க பக்கம் வருததுக்குள்ள திரும்பிட்டு. சரி, பேட்டரி மாத்திட்டு அடுத்த மட்டம் வரும்னு பாத்துக்கிட்டே கெடந்தோம். மறுநா மத்தியானம் பெரியதாழ வள்ளம் பாத்து ஏத்துத வரைக்கும் மேலதான் பாத்துக்கிட்டுக் கெடந்தோம்.”

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தோம். நான் கொஞ்சம் தணிந்த குரலில் பிரின்சியிடம் கேட்டேன், ஏன் ‘இல்லை’ என்று அழுத்தினீர்கள் என்று. இதை வெள்ளிக்கிழமையே கேட்டிருக்க வேண்டும்.

“கோவிச்சுக்கிடாதீய சார். வீட்ட நகத்தவான்னு கேட்டா இந்த ஊருல யாரு ஆமான்னு சொல்லுவா? கடல்ல நிக்கவுகளுக்கு வீடு கரையில இருக்கு. அது நகராம இருக்கணும்னுதான நாங்க வேண்டிக்கிடுதோம்? அதான் இல்லன்னு அழுத்துனேன். வீடு திரும்புதுன்னு வந்ததும் கரைக்குப் போவுதுன்னு நெனச்சேன். நீங்க விலக்குல ஏமாந்தீயல்லா, அதே மாரிதான் நான் வீட்டுல ஏமாந்தேன்.”

“சந்தேகம் இருந்தால் கேட்டிருக்க வேண்டாமா? மன்றம் எதற்கு இருக்கிறது?” என்றேன். எங்கள் மென்பொருளுக்கு இணையத்தில் ஒரு கேள்வி மன்றம் உண்டு.

பிரின்சி போனை எடுத்து, தேடி, என் முன்னால் வைத்தார். கேள்வி தமிழில் இருந்தது. ட்ரோன் கடலில் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு கேட்டது. ‘வணக்கம். வள்ளத்தில் இருந்து பறக்கவிடப் போகிறோம். வீடு என்றால் எந்த வீடு? கரையா, வள்ளமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆட்கள் உயிர் விஷயம்.’ அதன் கீழே ஒரே ஒரு பதில்: ‘கையேடு, பகுதி ஒன்பது.’ அதற்குக் கீழே, ‘இந்தக் கேள்வி மூடப்பட்டது.’

பதில் எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் என் வீட்டுப் பூனையின் படம்.

பகுதி ஒன்பதை எழுதியதும் நான்தான். முழுக்க ஆங்கிலம், நாற்பது பக்கம், அட்சரேகை தீர்க்கரேகைக் கணக்கு. அதைப் படித்தால் எனக்கே தலை சுற்றும். இரண்டு தடவை படித்ததாகச் சொன்ன இந்தப் பெண்ணிடம்தான் படித்தீர்களா என்று நான் அதட்டியிருக்கிறேன். ‘ட்ரோன் ஏறிய இடம்’ என்று மூன்று சொல் எழுதியிருந்தால் போதும். ஏன் எழுதவில்லை? ஒரு வாரத்தில் முப்பது கேள்வி மூடுவதைப் பெருமையாக நினைத்தேன். சும்மா கொடுக்கிறோம், வேண்டுமானால் முட்டிமோதிக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பெங்களூர்க்காரரின் கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது என்று வள்ளத்தில் அவ்வளவு கத்தினேனே, நான் செய்ததும் வேறென்ன?

“இது நான்தான் என்று தெரியுமா?” என்று கேட்டேன்.

“பேரு தெரியும்லா. வந்த அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க வந்ததுல இருந்து ஏசிக்கிட்டே இருந்தீய” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். “அது பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல அந்தச் சொல்ல மாத்துங்க” என்றார்.

மாற்ற உட்கார்ந்தோம். பயிற்சிக்கு வைத்திருந்த பழைய ட்ரோன் ஒன்று இருந்தது. நான் கொண்டுவந்த சர்க்யூட் பலகையை அதற்குள் பொருத்தினேன். ஆயிரம் அமைப்புகளும் உள்ளே அப்படியே இருக்கட்டும், மேலே ஒரே ஒரு பக்கம் போதும் என்று பிரின்சி சொன்னார். நான் ஏழு கேள்வி எழுதினேன். நாலை அடித்துவிட்டார். நான் ‘புறப்பாட்டு மையம்’ என்று எழுதினேன். “சார், வள்ளத்துல இருக்கவுக வாயில வாரத எழுதுங்க” என்றார். தினமும் ஒலிபெருக்கியில் கடலோடிகளுக்குப் புரிகிற மாதிரிப் பேசிப் பழகியவர் அவர். நான் பினாங்கில் உட்கார்ந்து யாருக்கும் புரியாத மாதிரி எழுதிப் பழகியவன். கடைசியில் மிஞ்சியது ‘எங்க இருந்து ஏத்துதீய? வள்ளம், கரை’ என்ற ஒரே கேள்வி. பறக்கும்போது இரண்டு பொத்தான்: ‘வள்ளத்துக்கு வா’, ‘கரைக்குப் போ’. வீடு என்ற சொல்லை எடுத்துவிட்டோம்.

நாலு மணிக்குச் சிலுவையின் வள்ளத்தில் போனோம். பிரின்சி ஏற்றினார். நாற்பது நிமிடம் ஆகவில்லை, இரண்டு நிமிடம். ட்ரோன் போனதும் சிலுவை எஞ்சினை முடுக்கி, வேண்டுமென்றே வேறு திசையில் வெகுதூரம் ஓட்டினார். பிரின்சி ‘வள்ளத்துக்கு வா’வை அழுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு புள்ளி வந்தது. வளைந்து, எங்களைத் துரத்திக்கொண்டு வந்து, வலைக் குவியலின் மேல் தொப்பென்று விழுந்தது. ஒரு இறக்கை ஒடிந்தது.

“வந்துட்டுலா” என்றார் சிலுவை. ஒடிந்த இறக்கையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கரை சேர்ந்தார்.

ஞாயிறு பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் கூட்டம். நூறு பேருக்கு மேல் இருக்கும். மிக்கேல் அண்ணாச்சி எழுந்து, “மலேசியாவுல இருந்து சார் வந்து பாத்துட்டாவ. சாப்ட்வேர்ல தப்பில்லன்னு சொல்லிட்டாவ” என்று தொடங்கினார். நான் குறுக்கே எழுந்துவிட்டேன். நான் சொன்னது தவறு என்றேன். பிரின்சியின் போனை வாங்கி, கேள்வியை உரக்க வாசித்தேன். ‘ஆட்கள் உயிர் விஷயம்’ என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன். என் பதிலையும் வாசித்தேன். அது வாசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“அப்ப தப்பு யாரு மேல?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“என் மேல். இவர் கேட்டார். நான் கதவைச் சாத்தினேன். ஆம்பளை கையில் கொடுத்திருந்தால் என்று அண்ணாச்சி சொன்னார். அந்தப் பதிலை எழுதியது ஒரு ஆம்பளைதான்” என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. மிக்கேல் அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்த இரண்டு போனையும் வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தார். சிலுவையின் மச்சான் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், “ஏளா பிரின்சி, நாளக்கி காத்து எப்பிடி?” என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் நான் கிளம்பினேன். கோயில் மேட்டின் கீழே நடக்கும்போது ஒலிபெருக்கி கரகரத்தது. “கச்சான் காத்து பலமா இருக்கும், அலை பெருசா வரும், எஞ்சினப் பாத்து எடுங்க” என்று பிரின்சியின் குரல் கேட்டது. கரையில் நின்றவர்களில் ஒருவர் தன் வள்ளத்தின் எஞ்சினைத் திறந்து பார்க்கக் குனிந்தார்.

விலக்கில் பேருந்துக்கு நின்றபோது போனை எடுத்து, மூடிய கேள்வியைத் திறந்தேன். பத்து வருடத்தில் நான் மூடியதைத் திறந்தது அதுதான் முதல் தடவை. எழுதினேன்: ‘வீடு என்றால் ட்ரோன் ஏறிய இடம். கரையும் இல்லை, வள்ளமும் இல்லை. வள்ளம் நகர்ந்துவிட்டால் அங்கே வெறும் கடல்தான் இருக்கும். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள்.’

பேருந்து வருவதற்குள் பதில் வந்துவிட்டது. ‘நன்றி சார். வெளங்கிட்டு. இப்ப மூடிக்கிடுங்க.’

நான் இன்னும் மூடவில்லை.